எட்டாம் நாளுக்கு ஒரு மீன்

முதல் ஐந்து மாதங்களில் நான் ஒரு மீனும் பிடிக்கவில்லை. பிடிக்காத நாள்களின் விவரங்களை மட்டும் ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். நீரின் வெப்பம், காற்றின் திசை, இரையின் நீளம், தூண்டிலை எவ்வளவு தூரம் எறிந்தேன் என்பவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் இருந்தன. கடைசி நிரல் மீனுக்கு. ஒக்டோபரில் தொடங்கி பெப்ரவரி முடியும்வரை அந்த நிரலில் பூச்சியத்தைத் தவிர வேறெதையும் எழுதும் தேவை ஏற்படவில்லை.

நான் இலங்கையில் பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பித்தவன். ஒரு வாய்க்காலின் அகலமும் ஆழமும் சரிவும் தெரிந்தால் அதில் நீர் எந்த வேகத்தில் போகும் என்று சொல்ல என்னால் முடியும். எண்பதுகளின் நடுவில் மனைவியுடன் லண்டனுக்கு வந்தபோது எனக்கு ஐம்பது கடந்திருந்தது. பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. வடிகால் குழாய்களுக்குப் படம் வரையும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு சிறு வீடு எடுத்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவந்ததும் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டேன்.

வைத்தியம் தொடங்கியபின் அவளால் எதையும் சாப்பிட முடியாமற் போயிற்று. முக்கியமாக மீன். முந்தியெல்லாம் மீனில்லாத சோற்றை அவள் சோறாக மதித்ததில்லை. தமிழ்க் கடையில் வாங்கும் மீனெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து, கப்பலிலும் குளிரறையிலும் பல மாதங்கள் கிடந்து வருபவை. நலமாக இருந்த காலத்திலேயே அவற்றை அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கழுவுவாள். ஆங்கிலேயரின் மீன்கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது செத்து ஒரு கிழமையென்று தமிழில் கடைக்காரருக்கே சொல்லுவாள். இப்போது அந்த உறைந்த மீன் அடுப்பில் ஏறும் மணம் மாடிக்கு வந்தாலே ஓங்காளித்தாள். அறக்குளா மீன் துண்டுகள் இரண்டை ஒரு நாள் நான் குப்பையில் போட்டுவிட்டு வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"துடிக்கத் துடிக்கப் பிடிச்ச மீன் ஒண்டு கிடைச்சா, ஒரு வாய் சொதி குடிச்சிருப்பன்."

அது கேட்பதைப் போலவே இல்லை. மழை விட்டால் நல்லது என்று சொல்வதைப் போன்ற குரல். ஆனால் அந்த நோய்க்காலத்தில் அவள் வேண்டும் என்று சொன்ன ஒரே பொருள் அதுதான். மற்றவையெல்லாம் வைத்தியர்கள் வேண்டும் என்றவை.

எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடையில் கால்வாய் இருந்தது. பழைய சரக்குப் படகுகளுக்காக வெட்டியது. இப்போது உல்லாசப் படகுகள் போகும். நான் முதலில் போனது நூலகத்துக்கு. அங்கிருந்த புத்தகங்களில் சாண்டர் என்ற மீனைப் பற்றி வாசித்தேன். ஐரோப்பாவின் கிழக்குப் பகுதிகளைச் சேர்ந்த மீன். இங்கே யாரோ கொண்டுவந்து விட்டுப் பெருகியது. இறைச்சி வெள்ளை, முள் குறைவு, நன்னீர் மீன்களில் இதற்கு நிகரான சுவை வேறெதற்கும் இல்லை என்று எழுதியிருந்தது. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக்கு ஏற்ற மீன் என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன். எங்கள் பக்கக் கால்வாயிலும் அது வந்துவிட்டது என்று தூண்டில் சாமான் விற்கும் கடையில் சொன்னார்கள். சொன்னவர் மகிழ்ச்சியுடன் சொல்லவில்லை. மற்ற மீன்களின் குஞ்சுகளையெல்லாம் தின்றுவிடுகிறது என்று அவர்களுக்கு அதன்மேல் கோபம்.

டொரொன்டோவுக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே சாண்டரின் உறவான வால்ஐ என்ற மீனுக்குப் பின்னால் ஊரே அலைகிறதாம். அதைப் பிடிப்பதில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று விளக்கும் மெல்லிய புத்தகம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். 'சேர், இது உங்களுக்கு ஒரு பாடநூல்' என்று முதற்பக்கத்தில் எழுதியிருந்தார். அதைப் பாடநூலாகவே வாசித்தேன். அடிக்கோடிட்டேன். ஓரத்தில் குறிப்பு எழுதினேன்.

அதில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு விதியை மட்டும் என்னால் பின்பற்ற முடியவில்லை. இந்த இன மீன்களின் கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பும் ஒரு படலம் உண்டு. அதனால் அவற்றுக்கு மங்கிய வெளிச்சத்தில் நன்றாகக் கண் தெரியும். இரையாகும் மீன்களுக்குத் தெரியாது. ஆகவே அவை வேட்டைக்கு வருவது பொழுது படும் நேரத்தில். மீன்பிடிப்பவன் மதியத்தில் போய் நிற்பதில் பயனில்லை.

நான் மதியத்தில்தான் போய் நின்றேன். மனைவியின் தம்பி பெற்றோல் நிலையமொன்றில் காலை ஷிப்ட் முடித்து, தோர்ண்டன் ஹீத்துக்குத் தன் வீட்டுக்குப் போவதற்கு முன், இரண்டு ரயில் மாறி எங்களிடம் வருவான். கிழமையில் மூன்று நாள், ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பான். அவன் இருக்கும் நேரத்தில்தான் நான் வெளியே போகலாம். அவன் போனபின் நான் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அவளுக்கு வலி கூடுவதும் அந்த நேரத்தில்தான்.

வெறுங்கையுடன் நான் படியேறி வரும்போது அவள் தலையைத் திருப்பிப் பார்ப்பாள்.

"இண்டைக்கும் மீன் லீவோ?"

இல்லை, தண்ணீர் மிகவும் தெளிவாக இருந்தது என்று விளக்கத் தொடங்குவேன். அவள் தம்பியைப் பார்த்து, "உங்கட அத்தான்ர மீனுக்கு இன்னும் விசா கிடைக்கேல்லையாம்" என்பாள். அவன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். பிறகு கொப்பியை எடுத்துப் பூச்சியத்தை எழுதுவேன்.

ஒரு நாள் மட்டும் நான் பொழுது படும்வரை நின்றேன். ஜனவரி மாதம். அன்று அவள் சற்றுத் தெளிவாக இருந்தாள். மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுப் போயிருந்தேன். மைத்துனன் மூன்றரைக்குக் கிளம்பிவிடுவான் என்பது எனக்குத் தெரியும். அரைமணி நேரம்தானே என்று நினைத்தேன். பாலத்துக்குக் கீழே நீர் கறுத்து வந்தபோது மிதப்பு இரண்டு முறை அசைந்தது. அசைந்து நின்றுவிட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தால் இரைமீனின் முதுகில் அருகருகாக இரண்டு துளைகள். அவை சாண்டரின் முன்பற்கள் என்று எனக்குப் புரிந்தது. அது வந்து, வாயில் எடுத்து, விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஏன் விட்டது என்று யோசித்தபடி இன்னும் அரைமணி நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இல்லை. அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"லைட்டைப் போடுங்கோ" என்றாள்.

அதற்குப்பின் நான் ஒருபோதும் மூன்றேகாலுக்கு மேல் கால்வாய்க்கரையில் நிற்கவில்லை. மீன் வரும் நேரமும் அவளுக்கு நான் வேண்டிய நேரமும் ஒன்றாக இருந்தன. அதை அறிந்துகொண்டேதான் மதிய நேரங்களில் போய்வந்தேன். மீனுக்காகத்தான் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அது முழுவதும் உண்மையன்று. நோயாளியின் அறையை விட்டு வெளியே வந்து, பேசாத நீரைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்பதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அவள் அதையும் அறிந்திருந்தாள் என்றே நினைக்கிறேன். போக வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

இரையைச் சாண்டர் ஏன் விட்டுவிட்டுப் போனது என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. தங்கூசி என்று நாங்கள் சொல்லும் அந்த நைலோன் இழையை நான் எப்போதும் இறுக்கி வைத்திருந்தேன். சிறு அசைவும் கைக்குத் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். அளவெடுப்பவனுடைய எண்ணம் அது. சாண்டரோ இரையில் ஒரு சிறு பாரம் தட்டுப்பட்டாலும் உடனே துப்பிவிடும். இழையைத் தளர்வாகப் போட்டு, மீன் அதை இழுத்துக்கொண்டு தன் விருப்பப்படி ஓட விட வேண்டும். ஓட விட்டுக் காத்திருக்க வேண்டும். இதுவும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. நான் அடிக்கோடிடாத ஒரு பக்கத்தில். இரையை விரல் நீளத்துக்குச் சிறிதாக்கினேன். தெளிந்த நீரை விட்டு, படகு போய்க் கலக்கிய நீரைத் தேடினேன். எல்லாம் சரியாயிற்று, நேரத்தைத் தவிர.

மார்ச் முதற் கிழமையில், ஒரு விடியற்காலையில், மனைவி இறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

லண்டனில் இறந்தவர்களுக்கும் வரிசை உண்டு. தகனத்துக்கு ஒன்பதாம் நாள்தான் இடம் கிடைத்தது. அதுவரை அவளைக் குளிரறையில் வைத்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி உடலை எடுக்கும்வரை செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினர்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள். ஊரில் அது ஒரு நாள் கதை. இங்கே ஒன்பது நாள்களுக்கு ஒவ்வொரு மாலையும் யாராவது பிளாஸ்டிக் பெட்டிகளில் சோறும் பருப்பும் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் மைத்துனன்.

எட்டுச் செலவு என்பது எங்களிடையே எட்டாம் நாளில் செய்வது. இறந்தவருக்குப் பிடித்தவற்றையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். அவர் மீன் சாப்பிடுபவராக இருந்தால் மீனும் படைப்பார்கள். அதன்பின் முப்பத்தோராம் நாள் வரை வீட்டில் சைவம். ஆண்டுத் திவசத்திலும் சைவமே. ஆகவே அவளுக்கென்று மீன் வைப்பதற்கு ஒரு நாள்தான் உண்டு.

அந்த எட்டை எங்கிருந்து எண்ணுவது என்பதில் சிக்கல் வந்தது. இறந்த நாளிலிருந்தா, தகன நாளிலிருந்தா? ஊரில் இரண்டும் ஒரே நாளாகவோ அடுத்த நாளாகவோ இருக்கும். யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மைத்துனன் கோயில் ஐயரிடம் தொலைபேசியில் கேட்டான். நெருப்பு வைத்த நாளிலிருந்து எண்ணுங்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர் சொன்னாராம். அவன் உடனேயே தமிழ்க் கடையில் அறக்குளாவுக்குச் சொல்லிவைத்துவிட்டான். கடைக்காரர் தெரிந்தவர், நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பார் என்றான்.

நான் தலையசைத்தேன். பிறகு தனியே இருந்து நாள்களைப் பார்த்தேன். மார்ச் நடுவில் மீன்பிடிக்கும் பருவம் மூடப்படும். ஜூன் நடுவில்தான் மீண்டும் திறக்கும். ஐயர் சொன்ன எட்டாம் நாளில் இந்த நாட்டுக் கால்வாய் எதிலும் தூண்டில் போட முடியாது. இறந்த நாளிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள் தகனத்துக்கு முதல் நாள். பருவம் மூட அப்போதும் இரண்டு நாள் மீதமிருக்கும்.

சாஸ்திரத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆனாலும் ஒருவர் இல்லாமற் போவது அவர் இறக்கும்போதுதான். தகனச்சாலையின் நாட்குறிப்பில் இடம் கிடைக்கும்போதன்று. இதை நான் எவரிடமும் வாதிடவில்லை. அவளை இழந்து மூன்று நாளாகிய ஒருவன் தூண்டில் தடியுடன் தெருவில் போவதை உறவினர் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்பதும் தெரியும். மூன்றாம் நாள் மதியத்துக்குப் பின், தடியை மழைக்கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு, பின்பக்கச் சந்தால் போனேன்.

பொழுது படும்வரை நிற்பதற்கு இப்போது எனக்குத் தடையொன்றும் இருக்கவில்லை. முதல் மாலை அந்த எண்ணம் வந்தபோது தடியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் மரவாங்கில் இருந்தேன்.

மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் மழை. ஐந்தாம் நாள் மாலையில் வீட்டுக்கு ஆள்கள் வருவதாகச் சொன்னதால் போக முடியவில்லை. ஆறாம் நாள் இழை ஓடியது. நான் அவசரப்பட்டு இழுத்தேன். இரை மட்டும் வந்தது. ஏழாம் நாளும் அதே பாலத்துக்குக் கீழே நின்றேன். அங்கே வழக்கமாக வரும் ஆங்கிலேயர் ஒருவர், என் வயதுக்காரர், முன்பு லொறி ஓட்டியவர், என்னைக் கண்டு தலையசைத்தார். சாண்டர் பிடிபட்டால் தண்ணீரில் திருப்பி விடக்கூடாது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அது சட்டம் என்றார். பின்பு தம் தூண்டிலை மறுபடி எறிந்துவிட்டு, இந்தக் கிழமை நீங்கள் அநேகமாக ஒவ்வொரு நாளும் வருகிறீர்கள், வீட்டில் ஏச மாட்டார்களா என்று சிரித்தபடி கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பதிலில் பொய் இல்லை.

எட்டாம் நாள் வானம் தாழ்ந்து, காற்றில்லாமல் இருந்தது. நான்கரை மணிபோல் நீண்ட படகொன்று மெதுவாகப் போயிற்று. அதன் பின்னால் கால்வாயின் அடிச்சேறு கிளம்பி நீர் தேநீரின் நிறத்துக்கு வந்தது. சேறு அடங்கும் விளிம்பில் இரையைப் போட்டு, இழையைத் தளர்த்தி, தடியைப் புல்லில் கிடத்தினேன். கையில் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இறுக்கியிருப்பேன்.

ஐந்தரைக்கு மேல் இருக்கும். இழை அசைந்தது. நின்றது. பின்பு, மேசையிலிருந்து யாரோ ஒரு நூலை மெல்ல இழுத்து எடுப்பதைப் போல, ஓடத் தொடங்கியது. நான் முழங்காலில் இருந்து அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அது நின்று, மீண்டும் ஓடியபோது தடியை எடுத்தேன்.

மீன் பெரிதாகப் போராடவில்லை. கனமாக, தலையை ஆட்டி ஆட்டி வந்தது. கைவலையில் எடுத்தபோது மூன்று இறாத்தல் இருக்கும் என்று மதித்தேன். முதுகுச் செட்டை முள்ளாக நிமிர்ந்து நின்றது. சிறு டோர்ச்சை அடித்ததும் அதன் கண் வெண்மையாக, நாணயத்தைப் போல ஒளியைத் திருப்பியது. அந்தக் கண்ணால் அது என்னைப் பார்த்ததாகத் தோன்றவில்லை. அது ஒளியைத் திருப்பியது, அவ்வளவே. நான் அதுவரை எதையும் என் கையால் கொன்றதில்லை. அதற்கென்று வாங்கி வைத்திருந்த குறுந்தடியால், புத்தகத்தில் சொன்ன இடத்தில், இரண்டு முறை அடித்தேன். ஒன்று போதுமாக இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன். எட்டு நாள்களின் பின். உடல் இன்னும் எடுபடவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுடைய சமையற் போத்தல்களில் பெயர் எழுதியிருக்கவில்லை, அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து வெந்தயத்தைக் கண்டுபிடித்தேன். மஞ்சள் தெரியும். வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டினேன். தேங்காய்ப்பாலுக்குத் தகரப்பேணியில் வந்த தேங்காய்ப்பால் மா. செதில் களையக் கைப்பழக்கம் இல்லாததால் குசினிச் சுவரெல்லாம் செதில். துண்டுகள் சரியாக வரவில்லை. இறக்கியபின் எலுமிச்சம்புளி விடவேண்டும் என்பது நினைவிருந்தது. ஒரு கோப்பையில் சோறு, மேலே சொதி, நடுமுள்ளோடு இருந்த நல்ல துண்டு ஒன்று. முன்னறையில் அவளுடைய படத்துக்கு முன்னால் வைத்து, விளக்கேற்றி, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். இறந்தவர் வந்து சாப்பிடுவதற்கு நாம் இடம் கொடுக்க வேண்டும்.

அப்போது வாசல் மணி அடித்தது. மைத்துனன். கையில் பிளாஸ்டிக் பெட்டி. மறுநாள் தகனத்துக்கு யார் யாரை எந்தக் காரில் ஏற்றுவது என்று பேச வந்திருந்தான். உள்ளே காலை வைத்ததும் நின்றான்.

"அத்தான், அடுப்பு மூட்டினீங்களோ?"

"ஓம்."

"மச்சம் மணக்குது."

"ஓம். மீன்."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தவில்லை. அவன் ஒருபோதும் என்னிடம் குரலை உயர்த்தியவன் அல்லன்.

"நாளைக்குத்தானே அக்காவை எடுக்கிறம். எடுக்க முதல் அடுப்பு மூட்டினா... ஐயர் சொன்னதையும் உங்களுக்குச் சொன்னனான்."

"சொன்னீர். எனக்கு எட்டு இண்டைக்குத்தான், தம்பி."

"அது உங்கட கணக்கு."

"ஓம். என்ர கணக்கு."

அவன் சாத்திய கதவைப் பார்த்தான். பிறகு குசினி வாசலில் சாத்தியிருந்த தடியை, சுவரில் இருந்த செதில்களை, நனைந்த என் சப்பாத்தை.

"நீங்களே பிடிச்சனீங்கள்?"

"கால்வாயில."

அவன் தன் மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றினான், மறுபடி பூட்டினான்.

"அக்கா நம்பியிருக்கமாட்டா" என்றான்.

இருவரும் அந்த ஒடுக்கமான நடையில் சுவரோடு சாய்ந்து நின்றோம். கதவின் கீழே விளக்கின் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. ஆள்கள் நிறைந்த வீட்டில் இப்படி நிற்கும்போது யாராவது ஒருவர் போதும் என்று சொல்லிக் கதவைத் திறப்பார். எங்கள் வீட்டில் என் பெற்றோருக்குப் படைத்த நாள்களில் அது அவள்.

"எவ்வளவு நேரம் நிக்கவேணும், அத்தான்?"

"தெரியாது. உம்மட அக்காதான் சொல்லுறவா."

அவன் கையால் முகத்தைத் துடைத்தான். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்றுப் பொறுத்து, தனக்கு ரயில் இருக்கிறது என்றான். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். தான் எட்டு அன்றைக்குச் சாப்பிடுவதாகச் சொன்னான். அவனுக்கு எட்டு அடுத்த கிழமை. கொண்டுவந்த பருப்பை என் கையில் தந்துவிட்டுப் போனான். கார் ஒழுங்குகளைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அவன் போனபின்னும் நான் நின்றேன். கதவைத் திறந்தால் வைத்த அளவு அப்படியே இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தும் திறக்கக் கை வரவில்லை. கடைசியில் திறந்தேன். அளவு அப்படியே இருந்தது. சொதியின் மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தது. நான் அந்தக் கோப்பையையே எடுத்துக்கொண்டு, அவளுடைய கதிரைக்கு எதிர்க் கதிரையில் இருந்து சாப்பிட்டேன்.

அடுத்த நாள் தகனம். அதற்கடுத்த கிழமை, ஐயரின் கணக்குப்படியான எட்டு. உறவினர்கள் பதினைந்து பேர்வரை வந்தார்கள். அறக்குளாக் குழம்பும் பொரியலும் வடையும் அவள் விரும்பிய மற்றவையும் படைக்கப்பட்டன. முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் நடையில் நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் போதும் என்று சொல்லித் திறந்தார். மைத்துனன் தகனத்துக்கு முந்திய மாலையைப் பற்றி எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்த மீன் எப்பிடி இருந்தது, அத்தான்?"

முள் குறைவு, இறைச்சி வெள்ளை, சேற்று மணம் இல்லை, உப்புத்தான் சற்றுக் குறைந்துவிட்டது என்று அவனுக்கு ஒழுங்காகச் சொன்னேன். அவன் குழாயை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தான். இனிப் பிடிக்கும்போது தனக்கும் சொல்லும்படி கேட்டான். சொல்கிறேன் என்றேன்.

ஜூன் நடுவில் பருவம் திறந்தது. கோடையில் பொழுது படப் பத்து மணியாகிவிடும். விடியற்காலை நான்கு மணிக்கும் அதே மங்கிய வெளிச்சம் இருக்கிறது என்பதை நான் அந்த ஆண்டில்தான் உணர்ந்தேன். முதற் கிழமையிலேயே இரண்டு சாண்டர் பிடித்தேன். அதன்பின் வந்த ஆண்டுகளில் கடைசி நிரலில் பூச்சியம் அரிதாயிற்று. லொறி ஓட்டியவர் தம் நண்பர்களிடம் என்னைக் காட்டி, இவருக்கு அந்த மீனின் மனம் தெரியும் என்று சொல்லுவார். டொரொன்டோ மாணவருக்கு நான் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அந்தப் புத்தகத்தின் இரண்டு இடங்களில் எனக்கு மாற்றுக் கருத்து இருந்தது.

அந்த ஜூனில் முதல் மீன் பிடிபட்ட அன்று காலையிலேயே மைத்துனனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனுக்கு ஷிப்ட். வார இறுதியில் பார்ப்போம் என்றான். நான் அதற்குள் செதில் களைந்து, இருவருக்கென்று சொதி வைத்திருந்தேன். அதை இரண்டு நாள் சாப்பிட்டேன்.